முதுகுவலிக்கு வந்தவரின் பயத்தையும் பிசியோ பார்க்க வேண்டுமா?

சிப்புட் பிசியோ எழுதியது:

வணக்கம். மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் பிசியோதெரபிஸ்டாக வேலை செய்கிறேன். என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் தோட்டத்தில் உழைத்தவர்கள். வாளிகளைத் தொங்கவிட்டுச் சுமக்கும் காண்டாக்கம்பு அழுத்திய தோள், அண்ணாந்து செம்பனைக் (எண்ணெய்ப்பனை) குலை வெட்டியே இறுகிப்போன கழுத்து, மருந்து தெளிக்கும் பம்பு சுமந்த முதுகு. தோட்டத்து லயத்தை விட்டுத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு வந்து வருடங்கள் ஆகியும் வலி மட்டும் அவர்களோடு குடிவந்துவிட்டது.

நோயாளியின் அச்சம், கவலை, மனச்சோர்வு, நம்பிக்கை ஆகியவற்றில் பிசியோ கை வைக்கலாமா என்று எங்கள் துறையில் நெடுநாளாகப் பேச்சு நடக்கிறது. கை வைத்தே ஆக வேண்டும் என்பது என் நிலை. அதை விட்டுவிட்டு மின்சாரச் சூடும் பயிற்சித்தாளும் கொடுத்து அனுப்புவது அரை வைத்தியம்.

ஐம்பதைத் தாண்டிய செம்பனைத் தொழிலாளி ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எப்போதோ குலை தூக்கும்போது முதுகு பிடித்துக்கொண்டது. எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்த்த ஒருவர் "டிஸ்க் தேய்ந்துவிட்டது, இனிக் குனியக் கூடாது" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவர் குனிவதில்லை. செருப்பை மனைவி போட்டுவிடுகிறார். விழுந்த சாவியைப் பேரன் எடுத்துக் கொடுக்கிறான். உடம்பு பலகைபோல் விறைத்திருக்கிறது. வலி குறையவில்லை, கூடியிருக்கிறது. இவருடைய தசைக்கு மட்டும் வேலை கொடுத்தால் போதுமா?

இந்தச் சுழலை ஆய்வாளர்கள் நன்றாகவே விளக்கியிருக்கிறார்கள். யோஹான் விலாயன், ஸ்டீவன் லிண்டன் இருவரும் 2000-இல் எழுதியதை எங்கள் துறையில் எல்லோரும் படித்திருப்பார்கள். வலி ஆபத்து என்ற எண்ணம் பயத்தை உண்டாக்குகிறது. பயந்தவர் அசைவைத் தவிர்க்கிறார். அசையாத உடம்பு பலம் இழக்கிறது, மனம் சோர்கிறது, வலி இன்னும் பெரிதாகத் தெரிகிறது. படத்தில் தெரிந்த தேய்மானமோ வலியே இல்லாதவர்களுக்கும் இருக்கும். வலியில்லாதவர்களின் ஸ்கேன் படங்களைத் தொகுத்து 2015-இல் வெளிவந்த ஆய்வில், 20 வயதினரில் 37 விழுக்காட்டினருக்கும் 80 வயதினரில் 96 விழுக்காட்டினருக்கும் டிஸ்க் தேய்மானம் இருந்தது. நரைத்த முடிக்கு நாம் அஞ்சுவதில்லை. இதற்கு மட்டும் ஆயுள் தண்டனை கொடுத்துவிடுகிறோம்.

இந்த ஊரில் இருக்கும் பிசியோக்கள், நோயாளிகள், நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகள் எல்லோரும் சொல்லுங்கள். உங்கள் அனுபவம் என்ன?

செம்பனைக்காரன் எழுதியது:

நீங்கள் சொன்ன அந்த ஐம்பதைத் தாண்டியவர் நான்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள், சகோதரி. குலை வெட்டி, உதிரிப் பழம் பொறுக்கி, இப்போது வாட்ச்மேன் வேலைக்கு வந்திருக்கிறேன்.

மனம், உளவியல் என்றெல்லாம் பேசினால் எனக்குக் கோபம்தான் வருகிறது. ஒரு மருத்துவமனையில் என்னைப் பரிசோதித்துவிட்டு, "உங்களுக்கு ஒன்றும் இல்லை, எல்லாம் மனசுதான்" என்று அனுப்பிவிட்டார்கள். வெளியே வந்ததும் என் மனைவி என் முகத்தைப் பார்த்தார். அப்படியென்றால் இத்தனை நாளும் நடித்தேனா? தோட்டத்தில் மேற்பார்வை பார்க்கும் மண்டோர் நம்பவில்லை. தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவுக்கு விண்ணப்பப் பாரம் போட்டபோது அங்கேயும் சந்தேகப் பார்வை. கடைசியில் மருத்துவமும் நம்பவில்லை என்றால் ஒருவன் எங்கே போவான்? இப்போது பிசியோவும் மனத்தைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தால், எங்களைப் போன்றவர்களைப் பொய்யர்கள் என்று மரியாதையாகச் சொல்வதற்கு இன்னொரு வழி கிடைத்துவிடும்.

சிப்புட் பிசியோ எழுதியது:

அண்ணன், நீங்கள் கோபப்படுவது முழுக்க நியாயம். உங்கள் வலி உண்மை. இதில் எனக்கு ஒரு துளிச் சந்தேகமும் இல்லை.

வலி ஆய்வுக்கான அனைத்துலகச் சங்கம் 2020-இல் வலிக்கான வரையறையைத் திருத்தியபோது, ஒருவர் தமக்கு வலிக்கிறது என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்ற குறிப்பையும் சேர்த்தது. ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் வலி பொய் ஆகிவிடாது. 1965-இல் மெல்சாக், வால் என்ற இருவர், உடம்பிலிருந்து வரும் வலிச் செய்தி முதுகுத் தண்டிலேயே கூட்டப்படவோ குறைக்கப்படவோ முடியும் என்று விளக்கினார்கள். மூளையிலிருந்து இறங்கி வரும் கட்டளைகளும் அந்தக் கூட்டல் குறைத்தலில் பங்கெடுக்கின்றன. தூக்கமின்மை, பயம், கடன் கவலை, மண்டோரின் பார்வை இவையெல்லாம் அந்த வழியாக நரம்பு மண்டலத்தைத் தொடுகின்றன. இது உடம்புக்குள் நடக்கும் வேலை. யாரும் வேண்டுமென்று செய்வதில்லை.

தோட்டத்துக் காவல் நாயை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை திருடன் வந்த வீட்டில், அதற்குப் பிறகு சருகு விழுந்தாலும் நாய் குரைக்கும். குரைப்பு உண்மையான குரைப்புதான். ஆனால் ஒவ்வொரு முறையும் திருடன் வந்திருக்கிறான் என்று பொருளில்லை. நாயை அடிக்கவும் கூடாது, அது குரைக்கவே இல்லை என்று சாதிக்கவும் கூடாது. பயமில்லை என்று அதற்குப் பழக்க வேண்டும். நான் பேசும் உளவியல் அந்தப் பழக்குதல்தான்.

"எல்லாம் மனசுதான்" என்று உங்களிடம் சொன்னவர் செய்தது உளவியல் இல்லை. அது கைகழுவுதல்.

கோலகங்சார் பிசியோ எழுதியது:

அரசாங்க மருத்துவமனையில் இருக்கிறேன். சகோதரி சொல்வது எல்லாம் கல்லூரியில் படித்ததுதான். 1977-இலேயே ஜார்ஜ் எங்கல் என்ற அமெரிக்க மருத்துவர், நோயை உடல், மனம், சமூகம் மூன்றையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னார். தேர்வில் அதை எழுதி மதிப்பெண் வாங்காத பிசியோ கிடையாது. வேலைக்கு வந்ததும் நிலைமை வேறு. காலையில் கதவைத் திறக்கும்போதே நாற்காலிகள் நிறைந்திருக்கும். ஒருவருக்கு ஒதுக்கும் நேரத்தில் பரிசோதனை, பயிற்சி, பதிவு எல்லாம் முடிய வேண்டும். அதில் ஒருவர் அழ ஆரம்பித்தால் அடுத்த மூன்று பேர் காத்திருப்பார்கள்.

இன்னொன்று, எங்களுக்கு இதில் போதிய பயிற்சி இல்லை. பிசியோக்களிடம் நடத்தப்பட்ட நேர்காணல் ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் ஒரு கட்டுரை வந்தது. மனக்காரணிகள் முக்கியம் என்று பிசியோக்கள் ஒப்புக்கொள்கிறார்கள், ஆனால் அவற்றைக் கையாளும் பயிற்சி தங்களுக்குப் போதவில்லை என்கிறார்கள் என்பதே அதன் சாரம். நீந்தத் தெரியாதவனை ஆற்றில் இறக்கி அடுத்தவரைக் காப்பாற்றச் சொல்வது நியாயமா? மனத்துக்குக் கவுன்சலர்கள் இருக்கிறார்கள். மூட்டுக்கு நாங்கள் இருக்கிறோம். அவரவர் வேலையை அவரவர் செய்யட்டும்.

பழைய டிரஸர் எழுதியது:

பிள்ளைகளே, தோட்டத்து மருத்துவமனையில் டிரஸராக, அதாவது மருத்துவ உதவியாளராக, வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். உங்கள் படிப்பு எனக்கில்லை. பார்த்ததைச் சொல்கிறேன்.

விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டு. அதற்கு முன்பே மருந்துக்கொட்டகை வாசலில் ஆள் நிற்கும். "இடுப்பு பிடித்துக்கொண்டது ஐயா" என்பார்கள். தைலம் தேய்ப்பேன், மாத்திரை கொடுப்பேன், தேவையென்றால் எம்.சி., அதாவது மருத்துவ விடுப்புச் சீட்டு, எழுதுவேன். கொஞ்சம் உட்காரச் சொல்லி வீட்டுச் சங்கதி கேட்டால்தான் மற்றது வரும். முந்தின இரவு கணவன் சம்சுச் சாராயம் குடித்துவிட்டு அடித்திருப்பான். மகள் பள்ளியை நிறுத்திவிட்டிருப்பாள். தோட்டம் கைமாறப் போகிறது, லயத்தைக் காலி செய்யச் சொல்வார்கள் என்ற பேச்சு கிளம்பியிருக்கும். மனக்கஷ்டத்துக்கு எம்.சி. கிடையாது. இடுப்புவலிக்கு உண்டு. அதனால் எல்லாக் கஷ்டமும் இடுப்பு வழியாகத்தான் என்னிடம் வந்தன. அந்த இடுப்பில் வலி இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ரப்பர்ப் பால் வாளி சுமந்த இடுப்பு, வலிக்காமல் என்ன செய்யும்?

கோலகங்சார் தம்பிக்கு ஒரு வார்த்தை. மூட்டு வேறு, மனம் வேறு என்று பிரித்து அனுப்ப நோயாளி இரண்டு ஆளாக வருவதில்லை. இந்த ஊரிலிருந்து கவுன்சலரைப் பார்க்க ஈப்போவுக்குப் போக வேண்டும். பஸ், ஒரு நாள் சம்பளம், "பைத்தியமா இவனுக்கு" என்ற அக்கம்பக்கத்துப் பேச்சு. எத்தனை பேர் போவார்கள்? உங்களிடம் வந்து படுத்திருக்கும்போது உங்கள் கை அவர் முதுகில் இருக்கிறது. அந்த நேரத்தில் மனிதன் பேசுவான். அதைக் கேட்காமல் விடுவது பெரிய நஷ்டம்.

கோலகங்சார் பிசியோ எழுதியது:

ஐயா, உங்கள் பேச்சை மறுக்க எனக்கு மனமில்லை. ஆனாலும் கேட்பது வேறு, கேட்டதை வைத்து என்ன செய்வது என்று தெரிவது வேறு. என் கவலை இரண்டாவதைப் பற்றியது.

ஈப்போ ஆலோசகர் எழுதியது:

அந்தக் கவலைக்கு நான் பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன். மனநலத் துறையில் இருக்கிறேன்.

உளவியல் திறன்களைப் பயன்படுத்துவது ஒன்று, உளச்சிகிச்சை செய்வது இன்னொன்று. குறுக்கிடாமல் கேட்பது, பயத்தைப் பெயர்சொல்லி ஒப்புக்கொள்வது, நோயாளி தாமே இலக்கு வைக்க உதவுவது, மூச்சைத் தளர்த்தப் பழக்குவது, அஞ்சிய அசைவைப் படிப்படியாகச் செய்ய வைப்பது இவையெல்லாம் பிசியோ கற்றுக்கொண்டு செய்யக்கூடியவை. உண்மையில் கடைசியாகச் சொன்னதை எங்களைவிட நீங்களே நன்றாகச் செய்வீர்கள். முதுகு குனிந்தால் என்ன ஆகும், ஆகாது என்று உறுதியாகச் சொல்லும் தகுதி உங்களுக்கு இருக்கிறது. நான் சொன்னால் நோயாளி நம்பமாட்டார்.

மனச்சோர்வு நோய் என்று முடிவுகட்டுவது, சிறுவயதுக் கொடுமைகளைத் தோண்டுவது, மருந்து பற்றிப் பேசுவது இவை உங்கள் வேலை இல்லை. 2016-ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டம், அதாவது சட்டம் 774, பிசியோதெரபிஸ்டையும் மருத்துவ உளவியலாளரையும் தனித்தனித் தொழில்களாகவே பட்டியலிடுகிறது. அந்த எல்லையை மதிக்கலாம். எல்லைக்கு அந்தப்பக்கம் இருப்பவரை அடையாளம் கண்டு அனுப்பிவைப்பது உங்கள் கடமை என்றே சொல்வேன்.

அதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. கடந்த இரண்டு வாரங்களில் சோர்வாக, நம்பிக்கையற்று இருந்தீர்களா? வழக்கமாகச் செய்யும் காரியங்களில் ஆர்வம் குறைந்ததா? உலகெங்கும் பயன்படும் தொடக்கக் கேள்விகள் இந்த இரண்டும். பதில் கவலை தருவதாக இருந்தால் சுகாதார கிளினிக் மருத்துவருக்குக் கடிதம் எழுதுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உண்டா என்று நேரடியாகக் கேட்கத் தயங்க வேண்டாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. அப்படி யாராவது சொன்னால் அவரைத் தனியாக வீட்டுக்கு அனுப்பாதீர்கள். குடும்பத்தில் ஒருவரை வரவழைத்து மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கொண்டுசெல்லுங்கள். மனம் விட்டுப் பேச ஆள் தேடுகிறவர்களுக்குச் சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசி எண் 15555.

லிந்தாங் மகள் எழுதியது:

வணக்கம். எல்லாவற்றையும் படித்துவிட்டுத் தயக்கத்தோடு எழுதுகிறேன். என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை, வலது கால் பாதிக்கப்பட்டன. காலில் ஓரளவு பலம் வந்துவிட்டது, கையிலும் விரல்கள் கொஞ்சம் மடங்குகின்றன. ஆனால் பயிற்சி செய்யமாட்டேன் என்கிறார். சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டுவதில் பெயரெடுத்தவர். காயம் படாமல் பட்டை சீவுவார் என்று மற்றத் தோட்டத்துக்காரர்கள்கூடச் சொல்வார்கள். அந்தக் கைதான் இப்போது மடியில் கிடக்கிறது.

அம்மா ஊட்டிவிடுகிறார். "பாவம், முடியாத மனிதரை ஏன் பாடுபடுத்துகிறாய்" என்று என்னைத் திட்டுகிறார். நான் அப்பாவைத் திட்டுகிறேன். அப்பா சுவரைப் பார்க்கிறார். பிசியோ மலாய்க்காரப் பெண், அன்பானவர், நான்தான் நடுவில் நின்று மொழிபெயர்க்கிறேன். என்ன செய்வது?

சிப்புட் பிசியோ எழுதியது:

தங்கச்சி, நீண்ட பதிலாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதல் வேலை, ஆலோசகர் சொன்ன அந்த இரண்டு கேள்விகளை யாராவது அப்பாவிடம் கேட்க வேண்டும். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. அது சோம்பலோ பிடிவாதமோ இல்லை, சிகிச்சை உள்ள நோய். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது "சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார், சாப்பாட்டில் நாட்டமில்லை, தூக்கம் இப்படி இருக்கிறது" என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

அம்மாவைக் குறை சொல்ல வேண்டாம். ஆனால் ஒன்றை விளக்கலாம். பாதிக்கப்பட்ட கையைப் பயன்படுத்தாமலே இருந்தால், மூளை அந்தக் கையை மறக்கக் கற்றுக்கொள்கிறது. எட்வர்ட் டாப் என்ற ஆய்வாளர் இதைக் காட்டினார். நல்ல கையைக் கட்டுப்படுத்திப் பலவீனமான கைக்கு வேலை கொடுக்கும் சிகிச்சை அவர் ஆய்விலிருந்து வளர்ந்தது. அதை வீட்டில் நீங்களாகச் செய்யக் கூடாது, எல்லோருக்கும் பொருந்தாது. ஆனால் ஊட்டிவிடுவதற்குப் பதில், இட்லியைச் சிறு துண்டுகளாக்கி வலது கைக்கு எட்டும்படி வைத்து, அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். விழுங்குவதில் சிரமம் இல்லை என்று மருத்துவர் உறுதி செய்திருந்தால் மட்டும் இது. அம்மாவின் அன்புக்கு வேறொரு வேலை கொடுங்கள். மாலையில் எண்ணெய் தேய்த்து அந்தக் கையைப் பிடித்துவிடட்டும்.

இப்போது அப்பாவிடம் பேசுவது பற்றி. வற்புறுத்தினால் மனிதன் எதிர்ப்பக்கம் வாதாடுவான். நீங்கள் "செய்யுங்கள்" என்றால் அவர் "முடியாது" என்பதற்குக் காரணம் தேடுவார். வில்லியம் மில்லர், ஸ்டீபன் ரோல்னிக் இருவரும் வளர்த்தெடுத்த நேர்காணல் முறை இதைத் தலைகீழாகச் செய்கிறது. குடிப்பழக்கத்தை விட முயல்பவர்களுக்காகத் தொடங்கியது, இப்போது மறுவாழ்வுச் சிகிச்சையிலும் பயன்படுகிறது. "இந்தக் கையைப் பழக்குவது உங்களுக்கு எவ்வளவு முக்கியம், சுழியம் முதல் பத்து வரை ஓர் எண் சொல்லுங்கள்" என்று கேட்பேன். மூன்று என்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். "ஏன் மூன்றுதானா" என்று கேட்டால் மறுப்பு வரும். "ஒன்று என்று சொல்லாமல் மூன்று என்றீர்களே, ஏன்?" என்று கேட்டால், மாற்றத்துக்கான காரணத்தை அவரே சொல்வார். பேரப்பிள்ளையைத் தூக்க வேண்டும் என்பார். தானே முகம் மழித்துக்கொள்ள வேண்டும் என்பார். அந்த வாக்கியம் வெளிவரும்வரை நான் பயிற்சித்தாளைக் கையில் எடுப்பதில்லை.

அவர் வாயிலிருந்து வந்ததுதான் இலக்கு. தோளைத் தொண்ணூறு பாகை உயர்த்துவது எங்கள் இலக்கு, நோயாளிக்கு அதில் என்ன இருக்கிறது? ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்குத் தைப்பூசத்தன்று நடந்து போக வேண்டும் என்று விரும்புபவருக்கு, வாசலிலிருந்து தெருமுனைக் கடைவரை நடப்பதும் கல்லுமலைப் பாதையின் முதல் துண்டு. வெட்டுக்கத்தி பிடித்த கைக்குப் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னால் அவமானமாக இருக்கும். அந்தக் கைப்பிடியின் பருமனில் ஒரு கட்டையைக் கொடுத்துப் பாருங்கள், கூர் எதுவும் இல்லாமல். அதைப் பிடிக்கும் விதத்தை உங்களுக்குச் சொல்லித்தரும்படி கேளுங்கள். ஆசிரியராக இருக்க யாருக்கும் பிடிக்கும்.

நேரமும் இடமும் குறித்துவிடுங்கள். "எப்போதாவது செய்யலாம்" என்பது நடக்காது. "காலைத் தேநீர் குடித்து முடித்ததும், அதே நாற்காலியில்" என்று ஒட்டிவைத்தால் நடக்கும்.

மொழிபெயர்ப்பு பற்றிச் சொன்னீர்களே, அது முக்கியமானது. அப்பா "செத்துப்போனால் தேவலை" என்று முணுமுணுத்தால், பெற்ற மகள் அதை "களைப்பாக இருக்கிறதாம்" என்று மாற்றிச் சொல்வது இயல்பு. தயவுசெய்து சொன்னதைச் சொன்னபடியே சொல்லுங்கள். உங்களால் முடியாத நாளில் தமிழ் தெரிந்த தாதியை உதவிக்குக் கேளுங்கள். அந்த மலாய்ச் சகோதரியிடம் அப்பாவின் பால்வெட்டுத் திறமையைப் பற்றியும் சொல்லிவையுங்கள். மடியில் கிடக்கும் கை எப்படிப்பட்ட கை என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

லிந்தாங் மகள் எழுதியது:

படித்தேன் அக்கா. அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை, இட்லிக்கு அரிசி ஊறப்போட எழுந்து போனார்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியை எழுதியது:

என் அம்மாவுக்குச் சர்க்கரை நோயால் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இல்லாத பாதத்தில் எரிச்சல் என்கிறார். உறவினர்கள் செய்வினை என்கிறார்கள். இதற்கும் பிசியோவிடம் போகலாமா?

சிப்புட் பிசியோ எழுதியது:

போகலாம், ஆசிரியை. போக வேண்டும். இழந்த உறுப்பில் வலி தெரிவது நன்கு அறியப்பட்ட ஒன்று, அம்மாவுக்குப் புத்தி பேதலிக்கவில்லை. மூளையில் அந்தப் பாதத்துக்கான இடம் இன்னும் இருக்கிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் ஆய்வாளர் வி. எஸ். ராமச்சந்திரன்தான் 1990-களில் கண்ணாடி வைத்து நல்ல உறுப்பின் பிம்பத்தை இழந்த உறுப்பின் இடத்தில் காட்டும் முறையைக் கொண்டுவந்தார். எல்லோருக்கும் பலன் தருவதில்லை, சிலருக்கு நன்றாகவே உதவுகிறது. கண்ணாடியை முதன்முதலில் பார்க்கும்போது சிலர் உடைந்து அழுவார்கள். அதனால்தான் தனியாகச் செய்யாமல் பழகிய பிசியோவோடு செய்யச் சொல்கிறேன். செய்வினை என்பவர்களிடம் சண்டை வேண்டாம். அம்மா கோயிலுக்கும் போகட்டும், கண்ணாடிக்கும் வரட்டும்.

இது நம் சமூகத்தில் அரிதாக நடப்பது இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2019-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு.

கோலகங்சார் பிசியோ எழுதியது:

மீண்டும் வந்தேன். நேரம் இல்லை என்ற என் வாதத்தை நான் விடவில்லை. ஆனால் ஒரு கேள்வி. இப்படியெல்லாம் பேசுவதால் முதுகுவலி உண்மையில் குறைகிறது என்பதற்குச் சான்று இருக்கிறதா? வலியைப் பற்றி விளக்கம் மட்டும் சொல்லிக் கொடுத்த ஆய்வுகளில் பலன் சிறியது என்றுதான் படித்திருக்கிறேன்.

சிப்புட் பிசியோ எழுதியது:

விளக்கம் மட்டும் என்றால் பலன் சிறியதுதான், ஒப்புக்கொள்கிறேன். அசைவோடு சேரும்போது கதை மாறுகிறது. 2023-இல் லான்செட் மருத்துவ இதழில் ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று வெளிவந்தது. நீண்டநாள் முதுகுவலியால் அன்றாட வேலை பாதிக்கப்பட்ட 492 பேர். ஒரு பிரிவினருக்கு வழக்கமான கவனிப்பு. மற்றவர்களுக்கு, பயத்தையும் பழக்கங்களையும் அசைவையும் சேர்த்துக் கையாளும் சிகிச்சை. நடத்தியவர்கள் உளவியலாளர்கள் இல்லை, அதற்கென்று பயிற்சி பெற்ற பிசியோக்கள். 12 வாரங்களில் அதிகபட்சம் ஏழு அமர்வுகள், பிறகு ஒரு கூடுதல் அமர்வு. ஓராண்டுக்குப் பிறகும் அவர்கள் அன்றாட வேலைகளைச் செய்யும் திறனில் தெளிவான முன்னேற்றம் நீடித்தது. அமர்வுகளின் எண்ணிக்கையைக் கவனித்தீர்களா? நம் அரசாங்க மருத்துவமனையில் ஒருவர் வந்துபோகும் தடவைகளைவிட அது ஒன்றும் கூடுதல் இல்லை.

உங்கள் நேரப் பிரச்சினைக்கு இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தார் ஒரு வழி காட்டினார்கள். முதுகுவலிக்காரர் காத்திருக்கும்போதே நிரப்பும் ஒன்பது கேள்விகள். பயமும் மனச்சோர்வும் மிகுந்தவர் யார், கொஞ்சம் அறிவுரை போதுமானவர் யார் என்று அது பிரித்துக் காட்டும். எல்லோரிடமும் ஒரே அளவு நேரம் செலவழிக்கத் தேவையில்லை. 2011-இல் வெளிவந்த அவர்களுடைய ஆய்வில், இப்படிப் பிரித்துக் கவனித்த பிரிவினர் மேலான பலன் கண்டார்கள், செலவும் குறைந்தது.

கோலகங்சார் பிசியோ எழுதியது:

ஒன்பது கேள்வி என்றால் முடியும். நோயாளி காத்திருக்கும் நேரம் எங்களிடம் தாராளமாக இருக்கிறது. மற்றதற்குப் பயிற்சி வேண்டும் என்பதில் நான் மாறவில்லை. அதை மேலிடம் ஏற்பாடு செய்ய வேண்டும், தனி ஆளின் நல்ல மனத்தை நம்பி விடக் கூடாது.

செம்பனைக்காரன் எழுதியது:

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். நாய்க் கதை மனத்தில் நிற்கிறது. சரி சகோதரி, நேரடியாகக் கேட்கிறேன். நான் குனியலாமா, கூடாதா? குனிந்து ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு?

சிப்புட் பிசியோ எழுதியது:

பார்க்காமல் பொறுப்பில்லாமல் சொல்லமாட்டேன், அண்ணன். முதலில் சில கேள்விகள். சிறுநீரோ மலமோ கட்டுப்பாடில்லாமல் போகிறதா, அல்லது சிறுநீர் கழிக்க முடியாமல் போகிறதா? தொடை இடுக்கிலும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போயிருக்கிறதா? கால் பலம் திடீரென்று குறைகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் இன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள். காரணமில்லாமல் எடை குறைகிறது, காய்ச்சலோடு முதுகுவலி, முன்பு புற்றுநோய் இருந்தது என்றால் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

இவை எதுவும் இல்லை என்று ஒருவர் உங்களைப் பரிசோதித்துச் சொன்னபின், குனிவது முதுகுக்கு இயல்பான வேலை என்றே நான் சொல்வேன். எப்படித் தொடங்குவோம் தெரியுமா? உங்களுக்குப் பயம் தரும் அசைவுகளை நீங்களே வரிசைப்படுத்துவீர்கள். செருப்புப் போடுவது, சாவி எடுப்பது, வாளி தூக்குவது, குலை தூக்குவது. குறைந்த பயத்திலிருந்து ஆரம்பம். நாற்காலியில் உட்கார்ந்தபடி கையைக் கணுக்கால் நோக்கி நீட்டுவது. செய்வதற்கு முன் என்ன ஆகும் என்று நினைக்கிறீர்கள் என்று கேட்பேன். "டிஸ்க் வெளியே வந்துவிடும்" என்பீர்கள். செய்தபின் என்ன ஆனது என்று கேட்பேன். உங்கள் கணிப்பும் நடந்ததும் பொருந்துகிறதா என்று நீங்களே பார்ப்பீர்கள். என் அறிவுரையைவிட அது பெரிய மருந்து.

இரண்டாவது, அளவு. நல்ல நாளில் வீட்டு வேலை முழுவதையும் இழுத்துப் போட்டுச் செய்துவிட்டு, அடுத்த மூன்று நாள் படுத்துக்கிடக்கிறீர்களா? உழைத்த உடம்புக்காரர்கள் எல்லோரும் இப்படித்தான். 1970-களிலேயே அமெரிக்க உளவியலாளர் வில்பர்ட் ஃபோர்டைஸ், வலி வரும்வரை செய்துவிட்டு நிறுத்தும் பழக்கத்தை மாற்றச் சொன்னார். உங்களால் செய்ய முடிவதைவிடச் சற்றுக் குறைவாகத் தொடங்க வேண்டும். குறித்த அளவு முடிந்ததும் நிறுத்த வேண்டும், நல்ல நாளிலும் கூட்டக் கூடாது, மோசமான நாளிலும் விடக் கூடாது. வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கூடும். ஆரம்பத்தில் வலி கொஞ்சம் கூடலாம். வலி கூடுவது காயம் கூடுவதாகாது, அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

வேலையிடம் பற்றியும் பேச வேண்டும். சொக்சோவிடம் 2007 முதல் வேலைக்குத் திரும்பும் திட்டம் இருக்கிறது. வேலையை உடம்புக்கேற்ப மாற்றித்தர முதலாளியிடம் பேசுவதற்கும் அவர்களிடம் ஆட்கள் உண்டு. சந்தேகப் பார்வை பார்த்தார்கள் என்றீர்கள். இந்த முறை பிசியோவின் எழுத்துபூர்வமான மதிப்பீட்டோடு போங்கள்.

செம்பனைக்காரன் எழுதியது:

நீங்கள் கேட்ட ஆபத்து அறிகுறி எதுவும் எனக்கு இல்லை. செருப்பு, சாவி, வாளி, குலை என்று நீங்கள் போட்ட வரிசை எனக்குச் சரியில்லை. எனக்கு வாளியைவிடக் கக்கூஸில் குத்தவைப்பதுதான் பயம். அதைக் கடைசியில் வையுங்கள். வருகிற வாரம் வருகிறேன். மனைவியையும் கூட்டிவருகிறேன், என்னிடம் சொன்னதை அவரிடமும் உங்கள் வாயால் சொல்ல வேண்டும். வலி உண்மை என்று சொன்னீர்களே, அதை.

பழைய டிரஸர் எழுதியது:

பிசியோ பிள்ளைக்கு ஒரு வேண்டுகோள். எங்கள் கோயில் மண்டபம் வாரநாள் மாலையில் சும்மா கிடக்கிறது. இதையெல்லாம் அங்கே வந்து பேசினால், கைப்பேசி பார்க்கத் தெரியாத பால்மரத்துக் கிழவிகளும் கேட்பார்கள். நிர்வாகத்திடம் நான் பேசிக்கொள்கிறேன்.

சிப்புட் பிசியோ எழுதியது:

வருகிறேன் ஐயா. செவ்வாய் தவிர எந்த மாலையும் சரி. ஒலிபெருக்கி வேண்டாம், பதினைந்து பேருக்கு மேல் ஒரே நேரத்தில் வேண்டாம், பாய் மட்டும் விரித்துவையுங்கள். ஆலோசகரும் வந்தால், தனியாகப் பேச விரும்புகிறவர்களுக்குப் பக்கத்து அறையைத் திறந்துவிடச் சொல்லுங்கள். கோலகங்சார் நண்பர் அந்த ஒன்பது கேள்விகளையும் நம் மக்களுக்குப் புரியும் தமிழில் எழுத எனக்கு உதவ முடியுமா? கேள்வியைப் படிக்கத் தெரியாதவர்களுக்கு ஆசிரியை வாசித்துக் காட்டினால் நன்றாக இருக்கும்.

கோலகங்சார் பிசியோ எழுதியது:

எழுதித் தருகிறேன். முதலில் மூலத்தைப் பயன்படுத்த அனுமதி விதிகள் எப்படி என்று பார்த்துவிட்டு அனுப்புகிறேன். வியாழன் என்றால் நானும் வரலாம்.